வேர்களுக்கு அப்பால்

நாங்கள் இடிபாடுகளை அடைந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. வாசலில் சுற்றுலாப் பேருந்து ஒன்றுகூட நிற்கவில்லை. என் கணவன் வில்பெர்த் வேனை நிழலில் ஒதுக்கிவிட்டு, இருக்கையைச் சாய்த்துத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான். ஓட்டுவது அவன் வேலை, பேசுவது என் வேலை. வல்லாதோலித் ஊரில் காலையில் ஆட்களை ஏற்றிக்கொள்வோம். எங்கள் மாயா இன முன்னோர் கட்டிய பழைய நகரத்தையும் பிறகு ஒரு செனோத்தேயையும், அதாவது பாறைக்கு அடியில் தண்ணீர் தேங்கிய ஒரு குகைக் கிணற்றையும், காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் விடுதியில் கொண்டுபோய் விட்டுவிடுவோம்.

அன்று வந்தவர்கள் அக்கா தங்கை இருவர் மட்டும். வடக்கே மோன்தெர்ரே நகரத்திலிருந்து வந்திருந்தார்கள். அக்கா நோரா பல் டாக்டர். தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம். தங்கை சுலேமாவுக்கு எதைப் பார்த்தும் பயமில்லை. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் அக்காவோடு ஒரு பயணம் வேண்டும் என்று அடம்பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

"உங்க ஆளுங்க இவ்வளவு படி கட்டுனாங்களே நெய்தி, ஒரு கைப்பிடி வெச்சிருக்கக் கூடாதா?" என்று சுலேமா பாதிக் கோபுரத்தில் மூச்சு வாங்க நின்று கேட்டாள்.

"வெச்சிருப்பாங்க. வடக்கேருந்து வந்தவங்க கழட்டிட்டுப் போயிருப்பாங்க," என்றேன்.

கீழே நின்ற நோரா விழுந்து விழுந்து சிரித்தாள். உச்சியிலிருந்து பார்த்தால் எங்கள் காடு கடல்போலத் தட்டையாகக் கிடக்கும். தூரத்தில் ஓரிடத்தில் மட்டும் மரங்கள் கறுத்து, உயர்ந்து, நெருக்கமாக நின்றன. சுலேமா அதைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அங்க மட்டும் ஏன் அப்படி இருக்கு?"

"அடியில தண்ணி இருக்கு. மதியம் நாம போற செனோத்தே அதுதான்."

அவள் அந்தக் கறுப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செனோத்தேயைக் காவல் காப்பவள் தோன்யா சொய்லா. பூவேலை செய்த வெள்ளை அங்கியும் ரப்பர் செருப்புமாக வாசலிலேயே அடுப்பு வைத்திருப்பாள். அவரை விழுது அடைத்து அவள் கையால் பொரித்த பானுச்சோ அப்பங்களைச் சாப்பிட்டு முடித்தோம். சுலேமா ஒன்றை வில்பெர்த்துக்கு ஊட்டப் போவதுபோலப் பாவனை செய்து, "வில், உன் பொண்டாட்டி உனக்குச் சோறே போடறதில்லையா? இப்படி முழுங்கறியே," என்று வம்பிழுத்தாள். காலையிலிருந்தே அவனை அப்படித்தான் சீண்டிக்கொண்டிருந்தாள்.

"மேகம் கட்டுது. வெளிச்சம் போறதுக்குள்ள குளிச்சிட்டு ஏறிடுங்க," என்றாள் சொய்லா. "கயித்தத் தாண்ட வேணாம்."

தரையில் பிளந்த பாறை வாய். அதற்குள் செங்குத்தாக இறங்கும் படி, ஓராள் போனால் இன்னோர் ஆள் ஒதுங்க இடமிருக்காது. வாயருகே நின்று, எப்போதும்போல என் மொழியில் அனுமதி கேட்டேன்.

"யார்கிட்ட பேசறீங்க?" என்றாள் சுலேமா.

"வீட்டுக்காரங்ககிட்ட."

"என்ன சொன்னாங்க?"

"இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல."

உள்ளே ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. கூரையில் ஒரே ஓட்டை. அதன் வழியே விழுந்த வெளிச்சம் தண்ணீரின் நடுவில் நீல வட்டமாக நின்றது, சுற்றிலும் கறுப்பு. மேலே நிற்கும் மரங்களின் வேர்கள் கூரையைத் துளைத்துத் தண்ணீர்வரை தொங்கின. எதிர்ச்சுவரின் பக்கம் அவை திரைபோல அடர்ந்திருந்தன. அதற்கு முன்னால்தான் கயிறு கட்டியிருந்தது.

நோரா பலகை மேடையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் மிதவைச் சட்டையை எடுத்துத் திரும்புவதற்குள் சுலேமா குதித்துவிட்டாள்.

சத்தம் சுவர்களில் மோதி அடங்கியது. அலைகள் மேடையின் கால்களை நக்கிவிட்டு ஓய்ந்தன.

அவள் மேலே வரவில்லை.

"சுலே?" என்றாள் நோரா.

தண்ணீர் கண்ணாடிபோல நின்றது.

நான் செருப்பை உதறினேன். நோரா எழுந்து என் தோளைப் பற்றினாள், அவள் நகங்கள் பதிந்தன. கூரையில் எங்கோ ஒரு சொட்டு சேர்ந்து விழுந்தது. குதிக்கக் காலெடுத்தபோது, கயிற்றின் பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது.

சுலேமா. சலனமில்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன? எனக்கு உயிரே போயிடுச்சு," என்று அக்கா அழுதாள்.

"இங்கதான் இருந்தேன்."

நீந்தி வந்து ஏணியில் ஏறினாள். நான் கை கொடுத்தேன். வெயில் படாத கல்லைத் தொட்டதுபோல இருந்தது அவள் கை. தண்ணீர் குளிர்ச்சிதான், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் துண்டை வாங்கவில்லை.

"போலாமா?" என்றாள்.

வேன் கிளம்பியபோது வானம் இருண்டிருந்தது. நோரா தங்கையின் கையைத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள். அவர்களைச் சிரிக்க வைக்க, வில்பெர்த் தேங்காய் மிட்டாயைப் பின்னால் சுலேமாவிடம் நீட்டினான்.

"இந்தாம்மா, சோறு போடாத வீட்டுலேர்ந்து."

அவள் மிட்டாயையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன் பேரு என்ன?" என்று கேட்டாள்.

அவன் கேலியென்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். திரும்பி என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஈரச் சுண்ணாம்பு வாடை வேனை நிறைத்திருந்தது. ஜன்னலைத் திறந்தேன், போகவில்லை. அவள் முடியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குளித்தெழுந்த ஒருத்தியின் முடியில் இவ்வளவு தண்ணீர் நிற்காது.

"ரொஹேலியோவுக்கு ஒரு போட்டோ அனுப்பேன்," என்றாள் நோரா. "பாவம், காத்துக்கிட்டிருப்பான்."

"யாரு?"

"நல்லா நடிக்கிற." நோரா சிரித்தபடி தங்கையின் விரல்களைத் தடவினாள். பிறகு குனிந்து பார்த்தாள். "மோதிரம் எங்கடி? அவன் போட்ட மோதிரம்?"

அவள் தன் விரல்களை விரித்து, முதல் முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"கீழ இருக்கு," என்றாள்.

நான் சொல்லாமலேயே வில்பெர்த் வேனைத் திருப்பினான்.

சொய்லா பூட்டிய கதவைத் திறந்துவிட்டாள். நான் மட்டும் டார்ச்சோடு இறங்கினேன். நீல வட்டம் போய்விட்டிருந்தது. கூரை ஓட்டை சாம்பல் நிறத்தில் தெரிந்தது, அதன் கீழே எல்லாம் ஒரே கறுப்பு. மேடையில் மண்டியிட்டுப் பலகை இடுக்குகளில் வெளிச்சம் அடித்துத் தேடினேன்.

"நெய்தி."

என் கை அப்படியே நின்றது.

"நெய்தி, போயிடாதீங்க."

வேர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. பலவீனமாக, பற்கள் அடித்துக்கொள்ள.

"யாரு?" என்றேன்.

"நான்தான், சுலேமா. வேருல கால் மாட்டிக்கிச்சு. கத்திக் கத்தித் தொண்டையே போச்சு." அழுகையில் மூச்சு இழுத்தது. "நீங்க எல்லாரும் படியேறிப் போறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். அக்கா யார் கையப் புடிச்சிக்கிட்டுப் போனா?"

ஓடிவிடத்தான் தோன்றியது. கால் முதல் படிவரை போயும்விட்டது. இதே குரலை மேலே வேனில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எது எதன் குரல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டார்ச்சை வேர்களின் பக்கம் திருப்பினேன். இடைவெளியில் ஒரு கை நீண்டிருந்தது, சிராய்த்து, ரத்தம் கசிய. ஒரு விரலில் சின்னதாக ஏதோ மின்னியது.

மோதிரம்.

தண்ணீரில் இறங்கினேன். கயிற்றைத் தாண்டி வேர்களை அடைந்தேன். மேலே புக வழியில்லை, அடியில் மூழ்கித்தான் போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்புக்குள் தலையைக் கொடுத்தேன்.

உள்ளே எதுவோ என் முகத்தைத் தடவியது.

வேர் என்று நினைத்தேன். நெற்றியைத் தொட்டது, மூக்கின் வழியே இறங்கியது, உதட்டின் ஓரத்தை அளந்தது. வேர் அப்படிச் செய்யாது. மூடியிருந்த என் இமைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அது விலகியது.

எவ்வளவு நேரம் கீழே இருந்தேன் என்று தெரியவில்லை. மேலே வந்தபோது சுலேமா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பில் சூடு இருந்தது. கணுக்காலைச் சுற்றி இறுகியிருந்த வேரை உடைத்து, அவளை இழுத்துக்கொண்டு வெளியே நீந்தினேன். படியில் ஏறும்போது இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே யாரும் இறங்கி வரவும் இல்லை.

வாசலில் சொய்லா எங்களைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "இவ இப்பத்தானே கீழ போனா," என்றாள்.

வேனின் கதவு திறந்து கிடந்தது. வில்பெர்த் வெளியே, பின்னங்கழுத்தில் கை வைத்தபடி நின்றான். நோரா உள்ளேயே உட்கார்ந்து, தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் தண்ணீர் குளம் கட்டி, அதில் வெள்ளைச் சேறு படிந்திருந்தது.

"கைய விட்டுட்டா," என்றாள் நோரா. "'என்னோடது கீழ இருக்கு, எடுத்துட்டு வரேன்'னு சொல்லிட்டுப் படியில எறங்கிப் போனா." பிறகுதான் தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் இருக்கையின் மறு ஓரத்துக்குப் பின்வாங்கினாள்.

"அக்கா," என்றாள் சுலேமா.

"கிட்ட வராத."

"அக்கா, நான்தான்."

"அம்மா செத்தன்னிக்கு ராத்திரி நீ எங்க தூங்குன?" என்றாள் நோரா. "சொல்லு."

"தூங்கல. உன் கிளினிக் நாற்காலியில படுத்துக்கிட்டேன். நீ லைட்ட அணைக்கவே இல்ல."

அதற்குப் பிறகு நோரா வேனிலிருந்து இறங்கிய வேகத்தில் தடுக்கி விழப் பார்த்தாள். தங்கையின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, குழந்தையைப்போல ஆட்டினாள். நானும் வில்பெர்த்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். அவன் கேன்வாஸ் துணியை எடுத்து அந்த இருக்கையை மூடினான். ஊர் வந்து சேரும்வரை இருவரும் முன்னால், எங்களோடு நெருக்கியடித்துக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள் விமானத்தில் கிளம்பிவிட்டார்கள். கல்யாணப் படங்களை நோரா அனுப்பினாள். சுலேமா கை கால் முளைத்த பட்டாசுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் திரும்பியது. அந்த செனோத்தேயை எங்கள் பயணத்திலிருந்து எடுத்துவிட்டோம். திறந்த வானத்தின் கீழ் இருக்கும் குளங்களுக்கு மட்டும் ஆட்களைக் கூட்டிப் போனோம்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் சொய்லா போன் செய்தாள். வில்பெர்த்தையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வா என்றாள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை.

நாங்கள் போனபோது நல்ல பகல். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. பாறை வாயின் மேல் இரும்புக் கம்பிக் கதவு போட்டு, சங்கிலி சுற்றியிருந்தது. வழக்கமாக என் இரண்டு கன்னத்தையும் கிள்ளுகிறவள், அன்று என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வில்பெர்த்திடம் மட்டும் பேசினாள்.

"ஆளுங்க வர்றத நிறுத்திட்டேன். நீயே கேளுப்பா."

நாங்கள் கம்பியருகே போனோம். வில்பெர்த் என் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளேயிருந்து அதே ஈர வாடை எழுந்து வந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அழுகை கேட்டது. நெடுநாளாக அழுது களைத்த அழுகை.

"வில்."

எங்கள் மொழியில், வீட்டில் நான் அவனைக் கூப்பிடும் அதே இழுப்போடு. என் குரல்.

"வில், வந்துட்டியா? எவ்வளவு நாளா கூப்பிடறேன். கையக் குடு, நான் மேல வந்துடறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அது அவனுக்குத் தெரியும். என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணோட படியேறி வந்தது நான் இல்ல, வில்."

"நான்தான் நெய்தி," என்றேன் அவனிடம். "வில், என்னப் பாரு. நான்தான்."

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். என் நெற்றியை, மூக்கை, உதட்டின் ஓரத்தை, கண்களை ஒவ்வொன்றாக. கீழே அழுகை நிற்கவே இல்லை. என் கைக்குள் இருந்த அவன் கை மெல்ல, விரல் விரலாக நழுவியது.