டாமாவின் டேக்

பேருந்து மண்பாதையை விட்டுத் தார்ச்சாலையில் ஏறிய பிறகும் பின் இருக்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கெல்வின் அதைத்தான் முதலில் கவனித்தான். ஆஸ்திரேலியாவின் பில்பாரா வெயிலில் எதுவும் ஈரமாக நீடிப்பதில்லை. காற்று அவ்வளவு வறண்டது. பிழிந்த துண்டைப் பாறைமேல் விரித்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பிடித்து முடிப்பதற்குள் அது அப்பளம்போல் விறைத்துவிடும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஏறி வண்டிக்கு நடந்து வருவதற்குள் எல்லோருடைய அரைக்கால்சட்டையும் காய்ந்து, தலைமுடியில் செம்மண் ஒட்டத் தொடங்கியிருந்தது. ஆனால் பின்னால் ஒரு சொட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு சொட்டு. கூடவே, வெயிலே பார்க்காத பாறையின் வாடை.

திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் திரும்பவில்லை. ஒரு வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட் முடித்து, பகல் ஷிஃப்ட்டுக்கு மாறுவதற்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாள் இது. இரும்புத்தாது ஏற்றும் ராட்சத டம்பர் லாரியின் அதிர்வு இன்னும் அவன் எலும்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுக்குள் பொதிந்து வைத்ததுபோல எல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தன. அவன் கையும், அந்தக் கையில் இருந்த இரண்டு டேக்குகளும்கூட.

ஒன்று அவனுடையது. மற்றது டாமாவுடையது.

சுரங்கத்தில் முதல் நாளே சொல்லித்தரும் விதி அது. ஒருவன் இயந்திரத்துக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது, அவன் உள்ளே இருப்பது தெரியாமல் வேறொருவன் அதைக் கிளப்பிவிடக் கூடாது. அதனால் இறங்குமுன் தன் படமும் பெயரும் போட்ட சிவப்பு டேக்கைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். பலகையில் ஒரு டேக் தொங்கினாலும் இயந்திரம் ஓடாது. மாட்டியவன் கைதான் அதைக் கழற்ற வேண்டும். மேலாளர் வந்தாலும் தொடக் கூடாது. நண்பன்தானே என்று கழற்றினால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பெர்த் விமானத்தில் ஏற வேண்டியதுதான். வேறெந்தச் சுரங்கமும் அப்புறம் வேலை தராது.

சுரங்க ஆட்கள் தங்கும் கேம்ப்பின் விளையாட்டு, சுற்றுலா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நோலீன் அதே முறையைப் பேருந்துக்கும் கொண்டுவந்திருந்தாள். பள்ளத்தாக்கில் இறங்குமுன் கதவோரப் பலகையில் டேக்கை மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் கழற்ற வேண்டும். பலகை காலியானால்தான் வண்டி கிளம்பும். கேம்ப் வாசலில் இன்னொரு பலகை. திரும்பி வந்தவர்கள் அதில் மாட்டுவார்கள். அது நிரம்பிவிட்டால் எல்லோரும் பத்திரம், யாரையும் தேட வேண்டாம் என்று அர்த்தம்.

"என்ன கண்ணு, பின்னால இவ்ளோ அமைதி?" நோலீன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கேட்டாள். "டாமா பாட்டுப் பாடி நம்ம காதைக் கிழிக்கலன்னா பஸ் நவுந்த மாதிரியே இல்லையே. ஒடம்பு சரியில்லையா அவனுக்கு?"

"தூங்குறான்க்கா."

ஏன் அப்படிச் சொன்னான் என்று கெல்வினுக்கே தெரியவில்லை. நோலீன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின் இருக்கை தெரிந்தது. உயரமான ஒரு உருவம். தலையை மூடிய மஞ்சள் துண்டு, அதன்மேல் டாமாவின் தொப்பி. ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது.

டாமாதான். வேறு யார்?

அவன் பின்னாலேயே ஏறி வந்தானே.

பள்ளத்தாக்கின் அடியில், கீழ்க் குளம் பாறைப் பிளவுக்குள் நீண்டு கிடக்கிறது. வெயில் அங்கே இறங்குவதில்லை. காற்றும் இறங்காததால் தண்ணீர் கலங்குவதில்லை. வெதுவெதுப்பு மேலேயே நிற்க, குளிர் அடியில் அப்படியே தங்கிவிடுகிறது. கையைக் கீழே நீட்டி நீந்தினால் வயிறு ஒரு பருவத்திலும் விரல்கள் வேறொரு பருவத்திலும் இருக்கும். பிளவின் கடைசிச் சுவர்வரை போய், அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வருவதுதான் அவர்கள் வழக்கமாக ஆடும் போட்டி. தோற்றவன் அன்று இரவு எல்லோருடைய தட்டையும் கழுவ வேண்டும்.

இன்று கெல்வின்தான் முதலில் போனான். கடைசிச் சுவரடியில் மூழ்கிக் கையால் துழாவியபோது அகப்பட்டது கல் இல்லை. எதுவோ அவன் விரல்களைப் பிடித்தது. இழுக்கவில்லை. இறுக்கவும் இல்லை. புதிதாக அறிமுகமானவர்கள் கை குலுக்குவதுபோல, மரியாதையாக, சற்று நேரம் பிடித்திருந்துவிட்டுத் தானே விட்டது. விரல்கள் மரத்துப் போயிருந்ததால் அது உண்மையா என்று அவனுக்கே நிச்சயமில்லை. வெறுங்கையோடு திரும்பினான்.

"டேய், என்னடா உதடெல்லாம் நீலமாயிருச்சு?" டாமா பாறையில் உட்கார்ந்து சிரித்தான். "கல்லு எங்க? இன்னிக்கு தட்டு கழுவப்போறது நீதான்டி செல்லம்!"

"ரொம்ப ஜில்லுன்னு இருக்குடா. போகாத."

"ஆமா, நியூசிலாந்துக்காரனுக்குக் குளிரைப் பத்திப் பாடம் எடு! சனிக்கிழமை என் பொண்ணு நெட்பால் ஃபைனல் ஆடுறா. இந்தக் கல்லைத்தான் அவளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கப்போறேன்."

அதற்குள் மேலே ஹாரன் அலறியது. மாடுகளும் கங்காருகளும் இருட்டில் சாலைக்கு வந்துவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கேம்ப் சேர வேண்டும் என்பது விதி.

"நீ போ மச்சான். அந்தக்கா ஹாரனையே பிச்சுருவா. நான் பின்னாலயே வந்துர்றேன்." டாமா தண்ணீரில் குதித்தான்.

கெல்வின் இரும்பு ஏணியில் ஏறினான். பாதி ஏறியபோது கீழே யாரோ ஈரக் கால்களைப் படியில் வைக்கும் சத்தம் கேட்டது. சளப். சளப். ஏணி ஆடியது. "சீக்கிரம் வாடா" என்றான். பதில் இல்லை. மூச்சு வாங்குகிறான்போல என்று நினைத்துக்கொண்டான். ஏணி உச்சியில் டாமாவின் துண்டும் தொப்பியும் கிடந்தன. அவற்றைக் கடந்து வந்தான். கதவருகில் நோலீன் கத்தினாள். பின்னால் காலடி வந்துகொண்டேதான் இருந்தது. அவன் கை தன் டேக்கைக் கழற்றியது. பக்கத்திலிருந்ததையும் கழற்றியது.

அவ்வளவுதான் நடந்தது.

சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் மஞ்சளாகி, முள்புல் மேடுகளின் நிழல் சாலைக்குக் குறுக்கே நீண்டது. முன் இருக்கைகளில் ஆட்கள் வாயைத் திறந்தபடி தூங்கினார்கள். யாரோ பிரித்து வைத்த சிப்ஸ் பொட்டலம் ஆடியது. டாமா பின்னால் இருந்தால் அந்தப் பொட்டலம் இந்நேரம் காலியாகியிருக்கும்.

"டாமா?" கெல்வின் திரும்பாமலே கூப்பிட்டான்.

கண்ணாடியில் அந்த உருவம் மெல்லக் கையைத் தூக்கிக் கட்டைவிரலை உயர்த்தியது.

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அந்தக் கை கொஞ்சம் வெளுத்திருந்தது. நெடுநேரம் நீரில் ஊறினால் விரல் வெளுக்கும்தான். டாமா கறுத்த ஆள்தான், ஆனாலும் வெளுக்கும். வெளுக்குமா?

வயர்லெஸ் கரகரத்தது.

"சுரங்கத்து பஸ்ஸு, கேக்குதா? நேஷனல் பார்க் ரேஞ்சர் பேசுறேன். கீழ்க் குளத்துப் பக்கம் யாரோ கூப்பிடுற மாதிரி கேட்டுதுன்னு ரெண்டு டூரிஸ்ட் சொல்லிட்டுப் போறாங்க. உங்க ஆளுங்க எல்லாம் ஏறிட்டாங்களா?"

"பலகை காலிங்க. காலியாகாம நான் வண்டியை எடுப்பனா?" என்றாள் நோலீன். "எதுக்கும் எண்ணிச் சொல்லிடுறேன். கெல்வின், நீ எண்ணுடா ராசா. நான் ரோட்டைப் பாக்கணும்."

அவன் எழுந்தான்.

அவனுக்குத் தெரியும், குளிர் எப்படி வேலை செய்யும் என்று. முதலில் விரல்களை எடுத்துக்கொள்ளும். பிறகு முன்கை. ஏணிப்படியைப் பிடிக்க முடியாது. கத்த முடியும், கொஞ்ச நேரத்துக்கு. இப்போதே வண்டியைத் திருப்பினால் போய்ச் சேர நேரம் இருக்கிறது. ஒரே வார்த்தை போதும். அந்த வார்த்தையோடு அவனுடைய வேலையும் போகும்.

எண்ணினான். தூங்கும் தலைகள். நோலீன். அவன். பின் இருக்கையில் மஞ்சள் துண்டு.

கணக்கு சரியாக இருந்தது.

துண்டுக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. நிற்காமல். மூடாத குழாய்போல.

"என்னடா, எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்கக்கா," என்றான் கெல்வின்.

"கேட்டீங்களா? எல்லாரும் இருக்கோம்."

"அப்ப காத்தாத்தான் இருக்கும். அந்தப் பிளவு சாயங்காலமானா இப்படித்தான் கத்தும். பாத்துப் போங்க. நானும் கேட்டைப் பூட்டிட்டுக் கிளம்புறேன்."

வயர்லெஸ் அணைந்தது. கெல்வின் உட்கார்ந்தான். முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டான். ஒன்றும் தோன்றவில்லை. அழுகைகூட.

ஒரு சொட்டு.

ஒரு சொட்டு.

கேம்ப் வாசலில் இறங்கியபோது சூரியன் தாதுக் குன்றின் விளிம்பில் நின்றது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வறுத்த ஆட்டிறைச்சி வாசனை வந்தது. ஆட்கள் கொட்டாவி விட்டபடி ஒவ்வொருவராய்ப் பலகையில் டேக்கை மாட்டிவிட்டுப் போனார்கள். கெல்வினும் தன்னுடையதை மாட்டினான். ஒரு கொக்கி மட்டும் காலி. டாமாவின் டேக் அவன் கையில். படத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாட்டாமல் விடலாம். கொக்கி காலியாகவே இருந்தால் தேடுவார்கள். இப்போதும் தேடுவார்கள்.

பின்னால் பேருந்தின் படி கிறீச்சிட்டது. சளப். சளப். முதுகில் குளிர் வந்து நின்றது.

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. ரேகை எதுவும் இல்லை. சுண்ணாம்புபோல வெளுத்து, சுருங்கி.

தன் டேக்கைத் தானே மாட்ட வேண்டும். அதுதானே விதி.

கெல்வின் அதைக் கொடுத்தான்.

கை டேக்கைக் கொக்கியில் நேராக மாட்டியது.

"நிரம்பிருச்சா?" நோலீன் பேருந்தின் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துப் பலகையை நோட்டமிட்டாள். "சரி, எல்லாரும் வந்தாச்சு. போய்ச் சாப்பிடுங்கடா செல்லங்களா." சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள்.

சூரியன் இறங்கியது. பேருந்திலிருந்து பலகைவரை செம்மண்ணில் ஈரக் காலடிகள் கறுத்துக் கிடந்தன. எதுவும் காயவில்லை. டாமாவின் சிரித்த படத்தின்மேல் தண்ணீர் வழிந்தது.

அந்தக் கை இறங்கி வந்து கெல்வினின் கையைத் தேடிப் பிடித்தது. இழுக்கவில்லை. இறுக்கவும் இல்லை. ஏற்கெனவே அறிமுகமானவர்கள் பிடிப்பதுபோல.

இந்த முறை அது விடவில்லை. கெல்வினும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.