நாலாம் வரிசையின் கருகல்

காலை 6.40. பசுமைக்குடிலுக்குள் நுழைந்தவள் நாலாம் வரிசையில் நின்றுவிட்டாள். லெட்யூஸ் இலைகளின் ஓரமெல்லாம் சூடு போட்டாற்போல் கருகியிருந்தது. ஐந்திலும் ஆறிலும் அதே கதி. மற்ற ஆறு வரிசைகளும் தளதளவென்று இருந்தன. முகத்தில் வந்து விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு கணவரைக் கூப்பிட்டாள்.

இலையில் உரம் தெளிப்பது கொழுந்தனின் யோசனை. பத்து மணிக்கு ஓட்டல்காரர் பயிரைப் பார்க்க வருகிறார். கணவர் கத்தவில்லை; பின்னாலேயே வந்த தம்பியிடம் சொன்னார்:

"வேருக்கு ஊத்துறதே போதும்னு அப்பவே சொன்னேன். இனிமே தெளிப்பானைத் தொடாத."

கொழுந்தனின் முகம் தொங்கிப்போனது. மூன்று மாத உழைப்பு.

தான் சொன்னதே சரி என்று காட்டக் கணவரே கூடுதலாக உரத்தூளைக் கலந்திருப்பாரோ? அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

7.05. விசாரணை.

"டாங்குக்கு எத்தனை கரண்டி தம்பி?"

"ஒண்ணுதான் அண்ணி, எப்பவும் போல."

"எத்தனை டாங்க் அடிச்ச?"

"நாலு."

"ஒரு டாங்க் மூணு வரிசைக்கு வரும். ஒம்பது வரிசைக்கு எதுக்கு நாலு?"

தெளிப்பான் ஒழுகுகிறதோ என்று நினைத்தானாம். நேற்று மாலை நடுவில் டீ குடிக்கப் போயிருக்கிறான். முடித்த வரிசையின் குச்சியில் துணி க்ளிப்பை மாட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம். திரும்பி வந்ததும் அதற்கு அடுத்த வரிசையில் தொடங்குவான்.

"எங்க விட்டேன்னு எனக்கு ஞாபகமே இருக்காது. க்ளிப்புதான் என் மூளை."

அவள் குச்சிகளைப் பார்க்கக் குனிந்தாள். முடி மறுபடி முகத்தில் சரிந்தது. கை தானாக நீண்டு, ஒன்பதாம் குச்சியிலிருந்த க்ளிப்பை எடுத்துக் கொண்டையில் செருகியது.

கை அப்படியே நின்றது.

"குற்றவாளி கிடைச்சாச்சு," என்றாள். "நான்தான்."

நேற்று அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் களை எடுக்க வந்தவள், ஆறாம் குச்சியிலிருந்து க்ளிப்பை எடுத்து முடியில் மாட்டியிருக்கிறாள். போகும்போது கைக்கு எட்டிய மூன்றாம் குச்சியில் விட்டிருக்கிறாள். விசிறிக் காற்றில் இலைகளின் ஈரம் அதற்குள் காய்ந்துவிட்டதால், ஏற்கெனவே அடித்தது தெரியவில்லை. க்ளிப்பை நம்பியவன் நாலிலிருந்து மறுபடி அடித்தான். மூன்று வரிசைக்கும் இரட்டை உரம்; இலை பொசுங்கிவிட்டது.

கணவர் அவள் கொண்டையைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்குச் சுருக்கென்றது. அதை மட்டும் அவள் வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை.

10.20. ஓட்டல்காரர் ஒன்றாம் வரிசைச் செடியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, வாரம் இரண்டு நடை அனுப்பச் சொன்னார். கணவர் தெளிப்பானைக் கழுவித் தம்பியிடம் நீட்டினார்.

மறுநாள் காலை ஒன்பதாம் குச்சியில் இரண்டு க்ளிப்புகள் இருந்தன. ஒன்றில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: 'அண்ணி கொண்டைக்கு.'