கட்டையில் முளைத்த தாடி

நேற்றுச் சாயங்காலம் வழவழவென்று தேய்த்து வைத்த துப்பாக்கிக் கட்டையில் காலையில் மறுபடியும் முள் முளைத்திருந்தது.

அடைக்கப்பன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரம் அப்படித்தான். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் உள்ளே படுத்திருக்கும் நாரெல்லாம் எழுந்து நிற்கும். மெல்லிய உப்புத்தாளால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஈரம் காட்ட வேண்டும். இப்படி இரண்டு மூன்று தரம் செய்தால், பேரம் பேசிப் பேசிக் களைத்துப்போனவன் கடைசியில் சரி என்று தலையாட்டுவதுபோல, மரமும் அடங்கிவிடும். எந்த மரமும் அடங்கிவிடும். இது அடங்கவில்லை.

அவனுக்குப் பிரிக்பீல்ட்ஸில் மளிகை மொத்த வியாபாரம், பெட்டாலிங் ஜெயாவில் வீடு, வீட்டுப் பின்கட்டில் இந்தப் பொழுதுபோக்கு. லைசென்ஸ் வைத்திருக்கும் தோட்ட முதலாளிகள் இரும்பை வீட்டிலேயே பூட்டிவிட்டு மரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். கீறலும் கறையுமாக வந்த கட்டை கண்ணாடிபோலத் திரும்பிப் போகும். சில சமயம் புதுப் பலகையிலேயே முழுக்கட்டையும் இழைத்துக் கொடுப்பான். "ஊர்ல ஆம்பளைங்க கோல்ஃப் ஆடுறாங்க. எங்க வீட்டுக்காரர் விறகுக்குச் சவரம் பண்றார்" என்று நாச்சம்மை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

இந்தக் கட்டையைக் கொண்டு வந்தவர் கிள்ளானில் தோட்டம் வைத்திருக்கும் கமலநாதன். காட்டுப்பன்றி விரட்டுகிற துப்பாக்கி, அண்ணன் இராமலிங்கத்துடையது என்றார்.

"அண்ணன் இப்ப எங்கே?"

"வீட்லதான் இருக்காரு." கமலநாதன் கார் சாவியை விரலில் சுற்றினார். "அவசரமே இல்ல லா, செட்டியாரே. நீங்களே வெச்சுக்கிட்டாலும் எனக்குச் சம்மதந்தான்."

கேட்காமலேயே விலையில் இறங்கி வருகிறவனிடம் சரக்கை முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைத்தெருவில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் வால்நட் மரத்தின் ரேகை, தேனை ஊற்றிக் கலக்கிவிட்டதுபோல அப்படி ஓடியது. அடைக்கப்பன் மயங்கிப்போனான்.

வழவழப்பைச் சோதிக்க அவனுக்கு ஒரு வழி உண்டு. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையை அவன் நம்புவதில்லை. குனிந்து வலது கன்னத்தை மரத்தில் வைத்து மெல்ல இழைப்பான். துப்பாக்கிக் கட்டையே குறி பார்க்கிறவன் கன்னம் வைப்பதற்காகச் செய்ததுதானே. இந்தக் கட்டையில் கன்னம் வைத்தபோது ஒரு சுகம். குளிர்ச்சி இல்லை. யாரோ எழுந்து போன தலையணையின் சூடு.

ஒரு வாரமாகக் காலையில் அதைத் தேய்க்கிறான், சாயங்காலம் தேய்க்கிறான். வெளியே புகைமூட்டம். பக்கத்து வீட்டுக் கூரை தெரியவில்லை, சூரியன் பழைய செம்புக்காசுபோல மங்கித் தொங்கியது, ஜன்னலைச் சாத்தினாலும் எங்கோ எரிகிற காட்டின் வாடை தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பழுப்பு வெளிச்சத்தில் கட்டையை ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தபோதுதான் கவனித்தான். முளைத்திருப்பது நார் இல்லை. கறுப்பு. நடுநடுவே நரை. கன்னம் பதிகிற இடத்தில் மட்டும், மேலிருந்து கீழே படிந்து, ஒரே சீராக.

உப்புத்தாளை அவன் கீழே போட்டான்.

குளியலறைக்குப் போய் முகத்தில் நுரை பூசினான். மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. இடது பக்கம் பிளேடு சரசரவென்று அறுத்துக்கொண்டு வந்தது. வலது பக்கம் சத்தமே இல்லை. நுரையை வழித்துப் பார்த்தான். ஒரு முடி இல்லை. வயது ஏறினால் ஒரு பக்கம் லீவு போட்டுவிடுமோ என்று தனக்குத்தானே சிரிக்கப் பார்த்தான். வலது உதடு ஒத்துழைக்கவில்லை. பிளேடு வழுக்கித் தாடையில் ஆழமாக இறங்கியது.

வலி இல்லை. ரத்தமும் இல்லை.

பிளேடின் ஓரத்தில் ஏதோ சுருண்டு நின்றது. மெல்லிசாக. பழுப்பாக. விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தான். இத்தனை வருஷமாகப் பின்கட்டில் கூட்டிப் பெருக்கியது இதைத்தானே.

மரச்சீவல்.

அன்று பசியாறும்போது தேநீர் வலது கடைவாயில் வழிந்தது. நாச்சம்மை துடைத்துவிடக் கை நீட்டினாள். அவள் நகம் கன்னத்தில் பட்டது.

டொக்.

கையை அப்படியே வைத்திருந்தாள். இன்னொரு தரம், வேண்டுமென்றே, மெதுவாகத் தட்டினாள். டொக். டொக்.

"என்னங்க இது?"

அவன் சொன்னான். பாதி வாயால் எல்லாவற்றையும் சொன்னான். அவன் பிழைப்பே இந்த முகமும் வாயும்தான். சீரகத்தைச் சிரித்து விற்றவன், கோபித்த கிராக்கியைக் கண்ணாலேயே திருப்பிக் கூப்பிட்டவன். இந்த முகத்தைப் பார்த்துத்தான் நாச்சம்மையும் கழுத்தை நீட்டினாள். படுக்கையை விட்டு எழுந்தபோது காதோரம் இருந்த மரத்துப்போன உணர்வு இப்போது மூக்கு வரை வந்துவிட்டது. நாளைக்கு இடது பக்கம். அதற்கப்புறம்?

"குடுத்தவன்கிட்டயே குடுத்துடுவோம். இப்பவே கிளம்புங்க" என்றாள் நாச்சம்மை.

கட்டையைப் பழைய கைலியில் சுற்றிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். கார் நெடுஞ்சாலை ஏறியதும் டிங், டிங், டிங் என்று மணி அடித்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"அவ்வளவு கனமா அது?"

"தூக்குறப்ப இல்ல."

புகைக்குள் முன்னால் போகிற லோரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. மணி நிற்கவில்லை. நாச்சம்மை உடம்பைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவித் தடவிப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

"எதுக்கு மாட்டுனே?"

"கேட்டுச்சுல்ல."

மணி நின்ற பிறகுதான் அது கேட்டது. ஏர்கான் இரைச்சலுக்கு அடியில், பின்னால், மூக்கடைத்தவன் தூங்குவதுபோல ஒரு மூச்சு. அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கிள்ளான் வரைக்கும் பார்க்கவில்லை.

கமலநாதன் கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார். முதலில் அவர்கள் தூக்கி வந்த கைலி மூட்டையைப் பார்த்தார். பிறகு அடைக்கப்பனின் வலது கன்னத்தைப் பார்த்தார். தலை குனிந்துகொண்டார்.

"எடுத்துக்க மாட்டேன், செட்டியாரே."

"உங்க அண்ணனோட பொருள்யா!"

"அண்ணன்கிட்ட இனிமே அதுக்கு எடுத்துக்க ஒண்ணும் இல்ல. கட்டையில முளைக்கிறது நின்னுபோச்சு. அப்புறம் என்னைப் பார்க்க ஆரம்பிச்சுச்சு. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு, செட்டியாரே. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அப்ப நாங்க என்ன கல்லா?" என்று நாச்சம்மை கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "உன் அண்ணனை வெளிய வரச் சொல்லு. அவர் வாயால சொல்லட்டும்."

கமலநாதன் திரும்பி வீட்டைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. வெள்ளை நைட்டியில் ஒரு பெண். முழங்கை வரைக்கும் இரண்டு கையும் எண்ணெயில் பளபளத்தன.

"தம்பி, கேட்டைத் திற. அவங்க பார்த்துக்கட்டும்" என்றாள். "வாங்க ஆச்சி. நான் சீதாலெட்சுமி. அவரோட சம்சாரம்."

உள்ளே திரை போட்டிருந்தது. ஆளிவிதை எண்ணெயும் டர்ப்பன்டைனும் கலந்த வாடை. மரத்துக்கு மெருகேற்றுகிற அந்த வாடை அடைக்கப்பனுக்குத் தெரியும். அது மனிதர்கள் குடியிருக்கிற கூடத்தில் வரக்கூடிய வாடை இல்லை.

நாற்காலியில் ஒருவர் கைலி கட்டி உட்கார்ந்திருந்தார். சீதாலெட்சுமி திரையைக் கொஞ்சம் விலக்கினாள்.

நல்ல வேலை. அவனுக்கு முதலில் தோன்றியது அதுதான். அடுக்கடுக்காக ஏற்றிய மெருகு, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தேன் நிறத்தில் இறங்கும் ரேகை, ஒரு கீறல் கிடையாது. வாய் இருந்த இடத்தில் ஒரு கணு. வட்டத்துக்குள் வட்டமாக, இறுக மூடிய கணு.

கண் மட்டும் கண்ணாக இருந்தது. ஈரமாக. அது மூட்டையைப் பார்த்தது. பிறகு அடைக்கப்பனைப் பார்த்தது.

சீதாலெட்சுமி கிண்ணத்தை எடுத்தாள். நாச்சம்மையின் கையைப் பிடித்தாள். நாச்சம்மை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"துணி வேணாம், ஆச்சி. உள்ளங்கைதான். வட்டமாத் தேய்க்கணும், சூடு ஏறுற வரைக்கும். ஒரு நாள்கூட விட்டுடாதீங்க. காஞ்சா வெடிச்சிரும். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கழுத்தை விட்டுட்டேன்."

போகலாம் என்று சொல்ல அடைக்கப்பன் வாயைத் திறந்தான்.

இடது பக்கம் திறந்தது.

சீதாலெட்சுமி கணவனின் முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்திக் காட்டினாள். தொண்டைக்குக் குறுக்கே நீளமாக ஒரு வெடிப்பு. காய்ந்த மரத்தில் விழுகிற அதே வெடிப்பு. அதற்குள்ளே, இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒரு நாக்கு விளிம்பைத் தடவித் தடவி, அடைக்கப்பனுக்கு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது.