பூட்டிய அறையில் நின்றுபோன சேர்வர்

திங்கள், மாலை 5.40. டோர்ட்மண்ட்.

வேலை முடிந்து வந்த பிருந்தன் சமையலறைக்குப் பக்கத்துச் சாமானறையைத் திறந்தான். படங்களைச் சேமிக்க வாங்கி, மூன்று வாரமாக ஓயாமல் இரைந்த பழைய சேர்வர் மூச்சுக் காட்டவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது. இரண்டு டிஸ்க்கும் அசையவில்லை. மகள் பிறந்த வருடத்துப் படங்கள், அவள் முதல் அடி வைத்த வீடியோ, எல்லாம் அதற்குள். போனிலிருந்தும் அவற்றை அவனே அழித்திருந்தான், மடையன்.

செவ்வாய், மாலை 4.25.

போலீசுக்கு ஜெர்மனில் முறைப்பாடு எழுதித் தர நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சுந்தரேஸ்வரி வந்திருந்தார். எதிரே யோகேஷ். இணைய விளம்பரம் போட்டு அந்தச் சேர்வரை விற்ற சென்னை மாணவன்; கணக்குக் கேட்கப் பிருந்தன் அழைத்திருந்தான். விசா நீட்டிப்புக்குக் காத்திருக்கிறான். மோசடி வழக்கு விழுந்தால் படிப்பே போச்சு.

சுந்தரேஸ்வரி மைக்ரோவேவில் மணி பார்த்தார். 4.25.

"அதைப் பாக்காதேங்கோ அக்கா," என்றான் பிருந்தன். "ஒக்டோபரில நேரம் மாத்தினதில இருந்து ஒரு மணித்தியாலம் கூடத்தான் காட்டும். திருத்தப் பஞ்சிப்பட்டு விட்டிட்டன்."

அவர் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். 4.25. மறுபடி மைக்ரோவேவைப் பார்த்தார்.

"சேர்வர் எத்தினை மணிக்கு நிண்டது?"

"பகல் 1.12. டிஸ்க் ஓடாட்டிலும், மின்சாரம் அறுந்த நேரத்தை அதின்ரை போர்டு பதிஞ்சு வச்சிருக்கு. அறை பூட்டிக் கிடந்தது, திறப்பு என்ரை பொக்கற்றில. பவர் சப்ளை பழுது. மறைச்சு வித்திட்டான்!"

"சத்தியமா இல்லக்கா," என்றான் யோகேஷ். "ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன்."

"வீட்டில ஆர் நிண்டது?"

"மனிசி மட்டும். முதியோர் இல்லத்தில நைட் வேலை முடிச்சு வந்து நித்திரை."

"சேர்வர் இரைச்சலிலயோ?"

தேநீர் கொண்டுவந்த பிருந்தனின் மனைவி துஷானி கோப்பைகளை அவசரமாக வைத்துவிட்டுத் திரும்பினாள்.

சுந்தரேஸ்வரி நடையிலிருந்த பியூஸ் பெட்டியைத் திறந்து ஒரு விசையை இறக்கினார். சாமானறை விளக்கும் மைக்ரோவேவும் சேர்ந்தே அணைந்தன. ஏற்றினார். மைக்ரோவேவில் பூச்சியங்கள் மினுங்கின.

"அறைக்குள்ள ஒருத்தரும் போகேல்லை. பியூஸை இறக்கினாலே போதும். ஏத்தினாப் பிறகு மணிக்கூடு இப்பிடி மினுங்கியிருக்கும். பிடிபடாமல் இருக்க அவசரமாத் திருத்தியாச்சு. ஆனா இந்த வீட்டில அது பிழையாத்தான் ஓட வேணும். நான் வரேக்க 4.25, சரியான நேரம். திருத்தினது நீங்கள்தானே, துஷானி?"

துஷானி நிலத்தில் குந்திவிட்டாள். "ஓம் அக்கா. ரெண்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளத்தான். என்ரை பிள்ளையின்ரை படங்களை நானே அழிச்சுப்போட்டன். அதைச் சொல்லப் பயந்து இந்தத் தம்பியைக் கள்ளனாக்கினன். பாவி நான்."

"வருஷக்கணக்கா ஓடின டிஸ்க் சட்டுனு நின்னா திரும்பச் சுத்தாமப் போகலாம்," என்றான் யோகேஷ் மெல்ல. "நானும் சொல்லியிருக்கணும்."

துஷானி கணவனைப் பார்த்தாள். "மூண்டு கிழமையா நித்திரை இல்லையெண்டு சொன்னனானே. ஒரு நாளாவது நிப்பாட்டினீங்களோ?"

பிருந்தன் போய்ச் சாமானறைக் கதவைச் சாத்தினான்.

"விடுங்கக்கா," என்றான் யோகேஷ். "நல்லவேளை, கம்ப்ளெயின்ட் இன்னும் போகல."

"போட்டிட்டன் தம்பி." பிருந்தன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "காலமையே ஒன்லைனில போட்டிட்டன். அக்காவைக் கூப்பிட்டது இன்னும் இறுக்கி எழுத."

யோகேஷ் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

சுந்தரேஸ்வரி எழுந்தார். "புருசனும் மனிசியும் ரெண்டு பேரும் ஜாக்கெட்டைப் போடுங்கோ. ஸ்டேஷனில உங்கட வாயாலயே சொல்லுங்கோ. நான் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்ப்பன்."