வெறும் பாத்திக்குத் தண்ணீர்

பொடிசு ஒரு வாரமாக வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விதை போடவில்லை, நாற்றும் நடவில்லை. மண்ணைக் கொத்திச் சமப்படுத்திவிட்டு, பள்ளிக்குப் போகும் முன் ஒரு பூவாளி, வந்த பின் ஒரு பூவாளி. அவ்வளவுதான்.

"என்னடி, மண்ணு முளைக்குமா?" என்று அண்ணன் கேட்டான்.

"முளைக்கும், பாரேன்" என்றாள் பொடிசு.

வீடுகளுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாலைந்து பாத்திகள் உண்டு. பொடிசு வீட்டுப் பாத்திகளில் ஓரத்தில் இருந்தது அவளுடையது. போன தடவை அதில் கேரட் விதைத்தாள். கேரட் சாவகாசமாகத்தான் முளைக்கும். இரண்டு வாரம்கூட ஆகும். களைக்கு அந்தப் பொறுமை ஏது? கேரட் கண் விழிப்பதற்குள் களை பாத்தியையே பட்டா போட்டுக்கொண்டது. எது களை, எது கேரட் என்று தெரியாமல் பிடுங்கியதில் கேரட்டும் கையோடு வந்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது மூன்றே மூன்று. அதுவும் சுண்டுவிரல் பருமன்.

அப்பா பஸ் ஓட்டுபவர். பஸ்தான் வளையும், பேச்சு வளையாது. "இந்தத் தடவையும் பாத்தி காடாச்சுன்னா அது அண்ணனுக்கு. அவன் தக்காளி போடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் அன்றைக்கே ஒரு கயிற்றை எடுத்துவந்து பாத்தியை அளந்து பார்த்தான். அதுதான் பொடிசுக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தாள். களைக்குத்தானே அவசரம்? சரி, அதுவே முதலில் வரட்டும். வந்ததும் வழியனுப்பிவிட்டு, அப்புறம் கேரட்டைக் கூப்பிடலாம். அதனால்தான் இந்தத் தண்ணீர்.

பத்தாம் நாள் பாத்தி பச்சைப் பசேலென்று நின்றது. பக்கத்துப் பாத்திக்காரரான தையல்கார அத்தை எட்டிப் பார்த்தார்.

"அடடே, என்ன கண்ணு விதைச்சே? இவ்வளவு செழிப்பா வந்திருக்கு?"

"களை, அத்தை."

அத்தை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பொடிசு களைக்கொத்தியை எடுத்தாள். ஆழமாகக் கொத்தவில்லை. தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல மேல்மண்ணை மட்டும் சுரண்டினாள். குட்டிக் குட்டிக் களைகள் வேரோடு சாய்ந்து, வெயிலில் வதங்கின. மாலையில் பாத்தி சுத்தமாக இருந்தது. விதைப் பொட்டலத்தை எடுக்க வீட்டுக்கு ஓடினாள்.

திரும்பி வந்தால், அப்பா. வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல், மண்வெட்டியால் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். பாதி முடிந்திருந்தது.

"அப்பா, நிறுத்துங்கப்பா."

"ஏம்மா? கொத்தாம விதைக்கிறதா? பதினஞ்சு வருஷமா இப்படித்தானே செய்யறேன்."

"மேல இருந்த களை விதையெல்லாம் முளைச்சு முடிஞ்சுபோச்சுப்பா. இப்ப கொத்தினா கீழ தூங்கற விதையெல்லாம் மேல வந்துடும்."

அப்பா மண்வெட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்..." என்று இழுத்தார்.

பொடிசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் களைத்துப்போய் வந்தும் அவளுக்காகத்தானே இறங்கினார்? "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பாதியிலும் கோடு கிழித்து விதைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்தியே யாரும் கேட்காமல் கதையைச் சொன்னது. சுரண்டிய பாதியில் கேரட் மூன்று பச்சைக் கோடுகளாக நின்றது. நடுவே ஒன்றிரண்டு களைதான். கொத்திய பாதியில் கேரட் எங்கே என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "பாதி காடாச்சு. அப்ப பாதி எனக்கு."

அந்தப் பாதியைக் கொத்தியது யார் என்று பொடிசு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கேரட் வரிசையை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்து, களையைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு அவரும் முட்டி போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு ஒண்ணும் கிடையாதுடா" என்றார் அண்ணனிடம். "இந்தப் பாதியைக் காடாக்கினது நான். பாத்தி அவளோடதுதான். அடுத்த தடவை என் பாத்தியையும் அவளே தயார் பண்ணட்டும்."

பொடிசு தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் முகமெல்லாம் பல்லாக இருப்பது தெரிந்துவிடும்.

தையல்கார அத்தை வேலி ஓரமாக வந்து, சுத்தமாக இருந்த பாதியை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் யாரு செஞ்சது?"

"என் பொண்ணு" என்றார் அப்பா, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி. "அந்தப் பக்கத்தைப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

அத்தை சிரித்துவிட்டு, பொடிசின் பக்கம் திரும்பினார். "கண்ணு, நான் முள்ளங்கி போடணும். நாளைக்கு வந்து என் பாத்தியைக் கொஞ்சம் பாக்கறியா?"

பொடிசு எழுந்து, கை மண்ணைத் தட்டிக்கொண்டாள். "ஸ்கூல் விட்டு வந்ததும் பாக்கறேன் அத்தை. அதுவரைக்கும் தண்ணி மட்டும் ஊத்தி வைங்க. யாராவது ஒத்தாசைக்கு வந்தா மட்டும், மண்வெட்டியைக் கையில குடுத்துடாதீங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, மும்முரமாகக் களை பிடுங்கினார்.