ஆறாவது குப்பி

"யாரும்மா மணி அடிச்சுக்கிட்டே இருக்கிறது?" என்று கேட்டாள் நாற்காலியில் சாய்ந்திருந்த தையல்காரம்மா.

பல் டாக்டர் தடுப்புக்கு அந்தப் பக்கம், அடுத்த நாற்காலி நோயாளியிடம் போயிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. எச்சில் உறிஞ்சும் குழாயின் சளசளப்பும், சுடுநீர்ப் பெட்டிக்குள் சாமான்கள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய சத்தமும், எத்தனை தடவை துடைத்தாலும் போகாத கிராம்பு எண்ணெய் வாசனையும் தவிர அந்த மத்தியான அறையில் வேறு எதுவும் இல்லை. மணி எங்கேயும் அடிக்கவில்லை.

"ஒண்ணும் அடிக்கலையேம்மா," என்றாள் பெரியக்கா. சொல்லும்போதே அவள் கை மேலங்கிப் பையைப் பொத்திக்கொண்டது.

பதினெட்டு வருடமாக டாக்டருக்குக் கையாள் அவள்தான். மரப்பு ஊசி போடும்போது அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. காலியான கண்ணாடிக் குப்பியைக் குப்பையில் போடக் கூடாது. நோயாளி எழுந்து போகும்வரை தட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். இரண்டு நாற்காலிக்கும் நடையாக நடக்கிறவருக்கு மனக்கணக்கு தப்பும், தட்டு தப்பாது. அடுத்த குப்பியை நீட்டும்போது தட்டைப் பார்த்து, "இது மூணாவது டாக்டர்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் அந்த அறையில் ஒலித்தது பெரியக்காவின் குரல்.

இப்போது சொல்கிறவள் புதிதாக வந்த கையாள் சிட்டு. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். வந்த இரண்டாவது வாரமே டாக்டர் வாயால் 'சிட்டு' என்று செல்லப்பெயர் வாங்கிவிட்டாள். "சிட்டு கை பட்டா ஊசி போட்டதே தெரியலை டாக்டர்" என்று நோயாளிகள் வேறு ஒத்து ஊதினார்கள். ஊசி போடுவது டாக்டர், பேர் இவளுக்கு! கேட்கக் கேட்கப் பெரியக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான். அதை அவள் தனக்குள்கூட மறைக்கவில்லை.

அதனால்தான் சிட்டு போன் எடுக்கப் போனபோது ஒரு காலிக் குப்பியை எடுத்துத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டாள். எக்ஸ்ரே எடுக்கப் போனபோது இன்னொன்று. கடைசியில் மருந்துப் பெட்டியில் குறைந்ததும் தட்டில் நிற்பதும் ஒத்துப்போகாது. "எண்ணக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று டாக்டர் ஒரே ஒரு தடவை கத்தினால் போதும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

ஆனால் தையல்காரம்மாவின் பல்லுக்கடியில் சீழ். மருந்து பிடிக்கவே இல்லை. நாற்காலியில் பாதிகூட நிறையாத உடம்பு; எடை பார்த்துவிட்டு, "இவங்களுக்கு நாலுக்கு மேல கூடவே கூடாது" என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். தட்டில் நின்றவை மூன்று. உள்ளே போயிருந்தவை ஐந்து.

"நாக்குல இரும்பு நக்கின மாதிரி இருக்கு," என்றாள் தையல்காரம்மா. நாக்குக் குழறியது. "மணியை நிறுத்தச் சொல்லும்மா."

காதில் மணி, வாயில் இரும்பு. மருந்து ரத்தத்தில் மிஞ்சினால் முதலில் இதுதான், அப்புறம் தசை துடிக்கும், அப்புறம் வலிப்பு என்று டாக்டர் பெரியக்காவுக்குப் பாடம் சொன்னது நேற்று நடந்ததுபோல் நினைவிருந்தது. ஐந்து போயிருப்பது இந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் பைக்குள் இருப்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் சிட்டுவின் முன்னால்.

டாக்டர் திரும்பி வந்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார். தையல்காரம்மா துள்ளினாள்.

"எத்தனை ஆச்சு சிட்டு?"

சிட்டு தட்டைப் பார்த்தாள். "மூணு டாக்டர்."

"அப்ப ஒண்ணு போடலாம். எடும்மா."

குப்பி ஊசிக்குள் விழுந்து பொருந்தும் சத்தம். தையல்காரம்மாவின் கண்ணிமை படபடத்தது. டாக்டர் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கைப்பிடியில் அவள் விரல்கள் தாமாகத் துள்ளின, தையல் மிஷின் ஊசிபோல. மானம் போனால் போகட்டும். உயிர் பெரிது. சொல்லிவிட வேண்டும். பெரியக்கா வாயைத் திறந்தாள்.

நாக்கு எழவில்லை.

உதட்டைத் தேடினாள். உதடு இருந்த இடத்தில் எதுவும் தெரியவில்லை. கன்னமும் இல்லை. யாரும் அவளுக்கு ஊசி போடவில்லை. யாரும் அவளைத் தொடக்கூட இல்லை.

'டாக்டர், வேண்டாம்.' மூச்சு மட்டும் வந்தது.

பற்களைச் சேர்த்தாள். நடுவில் ஏதோ மெத்தென்று இருந்தது. கடித்தாள். வலிக்கவில்லை. வலித்தால் கத்தலாம். கத்தினால் நிறுத்துவார். இன்னும் அழுத்திக் கடித்தாள்.

"இது நாலாவது டாக்டர்," என்றாள் சிட்டு, கணீரென்று.

வெதுவெதுப்பாக ஏதோ முகவாயில் வழிந்தது. தரையில் சொட்டியது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு கடி. வலி வந்துவிடும். வந்துவிட வேண்டும்.

"என்னக்கா மென்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் சிட்டு, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊசி ஈறுக்குள் இறங்கியது. தையல்காரம்மாவின் விழிகள் மேலே சொருகின. பெரியக்கா மென்றுகொண்டே நின்றாள்.