மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம்

இதை யாரிடமும் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அஜிதா. ஆறாம் வகுப்பு. திருவனந்தபுரத்தில் கரமனையில் இருக்கிறோம். என் அப்பா தங்கபாண்டி ஜீப் ஓட்டுகிறார். சாலையில் இல்லை, கடற்கரை மணலில்! லீவுக்கு ஊர் சுற்ற வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுவார். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால்தான் வண்டி மணலில் புதையாது.

வழியில் நீளமான மணல் மேடு ஒன்று உண்டு. ஜீப் உறுமிக்கொண்டு ஏறி, அந்தப் பக்கம் தொப்பென்று இறங்கும். உள்ளே இருப்பவர்கள் "ஹோ!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள்.

ஆனால் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. அதைப் பார்ப்பது கிறிஸ்துமஸ் லீவில் என் வேலை. முன்னால் ஓடி உச்சியில் ஏறிப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லையென்றால் சிவப்புத் துண்டை ஆட்ட வேண்டும்.

சனிக்கிழமை எட்டு முறை ஏறிவிட்டேன். கால் இரண்டும் கெஞ்சின. அன்றைய கடைசியான ஒன்பதாவது சவாரிக்கு வந்த ஒரு மாமி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அது கையெல்லாம் ஒழுகியது. பாதி மேட்டிலேயே நின்றுவிட்டேன். 'இவ்வளவு நேரம் இல்லாதது இப்போது மட்டும் எங்கிருந்து வரப்போகிறது?' என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? துண்டையும் ஆட்டினேன்.

ஜீப் ஏறியது, இறங்கியது. "ஹோ!" கேட்கவில்லை. ஒரு நாயின் அலறல்தான் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்கே தடத்தின் ஓரத்தில், கொடி மறைவில் ஒரு நாய் குழி பறித்துக் குட்டி போட்டிருந்தது; அதுவரை என் கண்ணில் படவே இல்லை. மொத்தம் ஐந்து. இரண்டு குட்டிகள் அப்போதுதான் குழியை விட்டு வெளியே வந்திருக்கின்றன போல. அந்த இரண்டும் இப்போது உயிரோடு இல்லை.

ஐஸ்கிரீம் மாமி தன் பையனின் கண்ணைப் பொத்தினார். அப்பா இறங்கினார். வண்டி புதைந்தால் தோண்டுவதற்காக வைத்திருக்கும் மண்வெட்டியை எடுத்தார். தள்ளிப் போய்க் குழி தோண்டி இரண்டையும் புதைத்தார். தாய் நாய் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தது.

"அப்பா, நாளைலேர்ந்து வேற வழியா போலாம்ப்பா. இன்னும் மூணு குட்டி இருக்கு."

"நான் ஒருத்தன் மாறிப் போனா ஆச்சா மக்கா? அஞ்சு ஜீப்பு ஓடுது. நாய்க்குட்டி கெடக்கு, சுத்திப் போங்கன்னு சொன்னா எல்லாவனும் சிரிப்பான். பேசாம இரு."

நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. மூன்று குட்டிகளையும் ஒரு கூடையில் தூக்கிப் போய்ப் பழைய படகு ஒன்றின் அடியில் விட்டேன். தாய் நாய் என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொன்றாய்க் கழுத்தைக் கவ்வி, திரும்பவும் அதே குழிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

"அட கூறுகெட்ட நாயே! நாளைக்கு ஜீப் வருமே!" என்று திட்டினேன். திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் கரையில் காய்ந்துகொண்டிருந்த மீன் வலைகள் கண்ணில் பட்டன. போன மாதம் இன்னொரு ஜீப் ஓட்டும் சுஜின் சேட்டன் தெரியாமல் ஒரு வலை மேல் ஜீப்பை விட்டுவிட்டார். வலை முழுவதும் சக்கரத்தின் ஆக்சிலில் சுற்றிக்கொண்டது. மத்தியானம் வரை வண்டிக்கு அடியில் படுத்து பிளேடால் அறுத்தார். சுற்றி நின்று மீன்காரர்கள் கொடுத்த திட்டு வேறு! அதற்குப் பிறகு எந்த டிரைவரும் வலைக்குப் பத்தடி பக்கத்தில் போவதில்லை.

மீன்காரர் வீட்டு ஷீஜா சேச்சியிடம் ஓடினேன்.

"சேச்சி, ஒரு பழைய வலை தருவீங்களா?"

"எதுக்குடி மோளே? மீன் பிடிக்கவா?"

"ஜீப்பைப் பிடிக்க."

நடந்ததைச் சொன்னேன். ஐஸ்கிரீமை மட்டும் சொல்லவில்லை. எலி கடித்துப் போட்ட வலை ஒன்றை இழுத்துக்கொண்டு சேச்சியும் கூட வந்தார். ஜீப் ஏறுகிற சரிவில், குழிக்கு நேராக, குச்சிகளை நட்டு அதை அகலமாக விரித்தோம்.

மறுநாள் காலை சுஜின் சேட்டன்தான் முதலில் வந்தார். "அய்யோ, வல!" என்று கத்தினார். ஸ்டியரிங்கை ஒடித்து, முப்பது அடி தள்ளி மேட்டில் ஏறினார். உள்ளே இருந்தவர்கள் அங்கேயும் அதே "ஹோ!" போட்டார்கள். அடுத்த ஜீப்பும் அப்படியே போனது.

மூன்றாவது, அப்பாவின் ஜீப். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"சரிவுல எவன் வல காயப் போடுவான்?" என்று என்னைப் பார்த்தார். அப்பா மேட்டில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். குழியில் மூன்று குட்டிகளும் பால் குடித்துக்கொண்டிருந்தன. தாய் நாய் அப்பாவைப் பார்த்து உறுமியது. அப்பா அசையாமல் நின்றார்.

திரும்பி இறங்கும்போது ஒரு குச்சி சாய்ந்திருந்தது. பிடுங்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் அதை நிமிர்த்திக் காலால் அழுத்தி நட்டார்.

"நேரா போங்க டிரைவர்!" என்று ஜீப்புக்கு உள்ளேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"வல கெடக்கு சார். அந்தப் பக்கமா போலாம்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அப்பா, நேத்து நான் உச்சிக்குப் போகல. பாக்காமலே துண்ட ஆட்டிட்டேன்" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா என் பக்கம் வந்தார்.

"தெரியும் மக்கா. நீ பாதியில நின்னத நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் வண்டிய எடுத்தேன்."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குப் பதினொரு சவாரி. பதினொரு தடவையும் அப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு, என்னோடு மேட்டின் உச்சி வரை ஏறி வந்து பார்த்தார்.